கடைமடையில் நிற்கும் பறவை

"கடலே இல்லாத மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கடற்கரைப் பறவையின் மீட்சியைப் பற்றிப் பேசுவதில் என்ன பொருள் இருக்கிறது?"

கள்ளக்குறிச்சியில் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில், அடுத்த அமர்வைக் கூழைக்கடாவைப் பற்றி வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொன்னபோது எழுந்த கேள்வி இது. கேட்டவர் நன்கு படித்தவர், எங்கள் மதிப்புக்குரியவர். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். வீடு திரும்பிய பிறகுதான், அந்தச் சிரிப்பில் நாங்களும் சேர்ந்துகொண்டது உறுத்தியது. ஏனெனில் அந்தக் கேள்வி ஒரு தனி மனிதரின் கேள்வி அல்ல. ஈரநிலம், பறவை, மீட்பு என்று இன்று நம்மிடையே புழங்கும் பேச்சு முழுவதற்கும் அடியில் கிடக்கும் கேள்வி அது. பறவை எங்கே தென்படுகிறதோ அங்கேதான் அதன் வாழ்வும் சாவும் முடிவாகின்றன என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அந்தப் பாகப்பிரிவினையில் மரக்காணத்துக் கடல் அண்ணன் பங்குக்குப் போயிற்று; கல்வராயன் மலை தம்பி பங்குக்கு வந்தது. பத்திரத்தில் இப்படிப் பிரித்து எழுதிக்கொள்வதில் தடையில்லை. ஆனால் மலையில் பெய்யும் மழை பத்திரத்தைப் படித்துவிட்டு ஓடுவதில்லை. கல்வராயன் சரிவுகளில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் சமவெளியில் இறங்கிக் கூடுகின்றன. விருத்தாசலத்தைத் தாண்டி, திருக்கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கின்றன. (ஆறுகள் கூடும் இடம் என்பதையே பெயராகக் கொண்ட ஊர் அது.) மலையின் சேலம் பக்கத்துச் சரிவில் பிறக்கும் கரியகோவில் ஆறு வசிட்ட நதியில் சேர்ந்து, அதன் வழியே அதே வெள்ளாற்றை அடைகிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அதன் தென்கரையிலிருந்து கொள்ளிடம் வரைக்கும் விரிந்து கிடப்பது பிச்சாவரத்து அலையாத்திக் காடு. வேளாண் மக்களின் மொழியில் சொன்னால், கல்வராயன் தலைமடை; பரங்கிப்பேட்டைக் கழிமுகம் கடைமடை. கடைமடையில் நிற்கும் பயிர் வாடினால் தலைமடைக்காரனைத்தான் கேட்கிறோம். கடைமடையில் நிற்கும் பறவைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

*

நம் இலக்கியக் கல்வியும் இந்த மறதிக்கு ஓரளவு துணைபோயிருக்கிறது. குறிஞ்சிக்கு ஒரு பறவை, நெய்தலுக்கு ஒரு பறவை என்று கருப்பொருள் அட்டவணையை மனனம் செய்து வளர்ந்தவர்கள் நாம். மலை ஒரு பெட்டி, கடல் ஒரு பெட்டி, இடையில் முல்லையும் மருதமும் தனித்தனிப் பெட்டிகள். ஆனால் அட்டவணையைத் தந்த அதே மரபு திணைமயக்கம் என்ற ஒன்றையும் தந்திருக்கிறது. ஒரு நிலத்துக்குரியது மற்றொரு நிலத்தில் வந்து நிற்பதைத் தொல்காப்பியம் குற்றமாகக் கருதவில்லை. இந்த விதியைத் தேர்வுக்குப் படித்துவிட்டுத் தேர்வறையிலேயே விட்டுவந்தோம்.

கூழைக்கடா திணைமயக்கத்துக்கு உயிருள்ள சான்று. சாம்பல் கலந்த வெண்ணிறம், மேலலகில் புள்ளிகள், கீழலகில் வலைபோல் விரியும் பை. காயலிலும் கழிமுகத்திலும் மீன் பிடிக்கும் இப்பறவை, கூடு கட்டுவதற்கு உள்நாட்டு ஏரிகளின் மரங்களைத் தேடி வருகிறது. ஆந்திரத்தின் நேலபட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கூடு நேலபட்டு ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில்; இரை பழவேற்காட்டுக் காயலில். ஏரி வற்றினால் கூடு இல்லை. காயல் கெட்டால் குஞ்சுக்கு உணவில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் காப்பாற்றிப் பறவையைக் காப்பாற்ற முடியாது. இதைக் கடற்பறவை என்பதா, ஏரிப்பறவை என்பதா என்று வழக்காடுவது நமக்கு வேண்டுமானால் சுவையாக இருக்கலாம். பறவைக்கு அந்த வழக்கில் அக்கறையில்லை.

இப்பறவை அழிவின் விளிம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. 1877இல் பர்மாவின் சித்தாங் சமவெளியில் ஓட்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்ட கூடுகளின் பரப்பு, எண்ணிக்கைக்கு அடங்காதது. அரை நூற்றாண்டு கழிந்து அங்கே சென்றவர்களுக்கு அது தட்டுப்படவே இல்லை. ஆந்திரத்தின் கொல்லேறு ஏரிப் பகுதியில் 1940களில் கே.கே. நீலகண்டன் கண்டு எழுதிய பெருங்குடியிருப்பும் 1970களில் வெறுமையாயிற்று. எஞ்சியவை கூந்தன்குளம், வேடந்தாங்கல், நேலபட்டு, கர்நாடகத்தின் கொக்கரெபெள்ளூர் போன்ற சில புகலிடங்கள். அங்கிருந்துதான் மீட்சி தொடங்கியது. 2007இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கூழைக்கடாவை அழிவுக்குள்ளாகக்கூடிய இனம் என்ற நிலையிலிருந்து, அச்சுறுத்தலை நெருங்கிய இனம் என்ற நிலைக்கு மாற்றியது. அப்போதைய மதிப்பீடு 13,000 முதல் 18,000 பறவைகள்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பறவைகள் பெருகியதோடு பறவைகளை எண்ணுவோரும் பெருகினார்கள். முன்பு கணக்கில் வராத கூடுகள் பின்பு கணக்கில் வந்தன. ஆகவே ஏறிய எண்ணிக்கை அனைத்தும் பிறந்த குஞ்சுகள் அல்ல. ஆனால் காக்கப்பட்ட இடங்களில் கூடுகள் நிலைத்தன என்பதிலும், காக்கப்படாத இடங்களில் அவை மறைந்தன என்பதிலும் ஐயமில்லை.

*

காத்தவர் யார்? மீட்சி பற்றிய புகழுரைகள் பெரும்பாலும் பிழைபடுவது இந்தக் கேள்வியில்தான்.

கூந்தன்குளத்தில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது ஊர் மக்கள் தாமே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பறவையின் எச்சம் கலந்த வண்டல் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கண்ட கணக்கு. வேடந்தாங்கல் மக்கள் வேட்டையை எதிர்த்து முறையிட்டு 1798இலேயே செங்கல்பட்டு ஆட்சியரிடம் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். அவர்களுக்கும் எச்சம் கலந்த ஏரி நீரின் மதிப்புத் தெரிந்திருந்தது. பறவைக் காப்பகம் என்ற சொல் சட்டத்தில் ஏறுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முந்தைய செய்தி இது. பிற்காலத்தில் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உட்பரப்புகளில் கருவேலம் நடப்பட்டபோது, விறகுக்காக நட்ட மரம் நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் கூடு தாங்கும் மரமாயிற்று. திட்டமிட்டவர்கள் எண்ணிப் பார்த்திராத நன்மை அது.

எண்ணிப் பாராமல் செய்த நன்மையை எண்ணிப் பாராமலேயே கெடுக்கவும் முடியும். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது மாநிலமெங்கும் இயந்திரங்கள் இறங்கின. சில மாதங்களில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. சீமைக்கருவேலத்துக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரு மரத்தை வெட்டுவதற்கு முன் அதில் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. மரம் நடுவதே மீட்பு என்ற கோஷமும், மரம் வெட்டுவதே மீட்பு என்ற கோஷமும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். இரண்டும் மரத்தைப் பார்க்கின்றன. மரத்தைச் சுற்றி நிற்க வேண்டிய நீரைப் பார்ப்பதில்லை.

நீர் ஏன் முதன்மையானது என்பதை விளக்கிவிடுவோம். கூழைக்கடா முட்டையிட்டு அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. குஞ்சு தேறிப் பறப்பதற்கு மேலும் மூன்று முதல் ஐந்து மாதங்கள். அத்தனை நாளும் கூட்டு மரத்தைச் சுற்றி நீர் நிற்க வேண்டும். நாயும் நரியும் மனிதனும் மரத்தடியை நெருங்காமல் தடுக்கும் அகழி அந்த நீர்தான். குஞ்சுகளுக்கு ஊட்டும் மீன் வாழ்வதும் அதிலும் அக்கம்பக்கத்து நீர்நிலைகளிலும்தான். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரி, குறைந்தது ஏப்ரல் வரையிலாவது உயிரோடு இருக்க வேண்டும். பிப்ரவரியில் வற்றிவிட்டால் பறவை கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டுப் போய்விடும். ஆகவே ஒரு நிலம் மீண்டதா என்று அறிய, ஜனவரியில் ஒரு நாள் வந்து பறவைத் தலைகளை எண்ணினால் போதாது. ஏரியில் நீர் நிற்கும் மாதங்களை எண்ண வேண்டும். இந்த ஓர் அளவுகோலை ஏற்றுக்கொண்டால் பிற வாதங்கள் தாமாக ஒழுங்குபடும்.

*

கடைமடையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரைக்கும் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போன மண் வெயிலில் காய்ந்து தாழ்ந்து தொட்டியாயிற்று. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்ற, உப்பு ஏறிற்று. கண்டல் விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. விறகுக்கு வெட்டும் ஏழைகள்தான் காட்டை அழித்தார்கள் என்று நெடுங்காலம் பழி சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கரையோரச் சிற்றூர்களின் மக்களோடு சேர்ந்து செய்த பணி, அந்தப் பழியைப் பொய்யாக்கியது. ஒரு நடுவாய்க்கால், அதிலிருந்து மீன் முள்போல் இருபுறமும் பிரியும் கிளை வாய்க்கால்கள். ஓதம் வந்து திரும்பிப் போக வழி பிறந்தது. உப்பு இறங்கியது. அதன் பிறகு நட்ட செடி நிலைத்தது. 1980களின் நடுப்பகுதிக்கும் 2002க்கும் இடையே காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. மண்வெட்டி பிடித்தவர்களில் இருளர்களும் உண்டு. வாயில் ஓலைக்கூடையைக் கவ்விக்கொண்டு, கழிமுகச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் மக்கள் அவர்கள். முதலில் நீருக்கு வழி, பிறகுதான் செடி. இதைப் புரிந்துகொள்ளாமல் சேற்றில் கண்டல் குச்சிகளை வரிசையாக ஊன்றிப் படமெடுத்துக்கொள்ளும் விழாக்களுக்கு இன்றும் குறைவில்லை.

ஆனால் வாய்க்கால் வெட்டித் தீர்வது பாதிச் சிக்கல்தான். அந்த வாய்க்கால் கடல்நீரைக் கொண்டுவரும், நன்னீரைக் கொண்டுவராது. கழிமுகம் என்பது இரண்டும் கலக்கும் இடம். நன்னீர் குறையக் குறைய, உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் பெருகி, நன்னீரை வேண்டும் பிற மரங்கள் அருகிப் போயிருக்கின்றன. பச்சையாகத் தெரிகிறது; ஆனால் வகை குறைந்த பச்சை. மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் அந்தக் கலப்பு நீர்தான் தொட்டில். அவற்றைத் தேடி வரும் கூழைக்கடாவுக்கும் கொக்குக்கும் நாரைக்கும் அதுவே சோற்றுப் பானை. அந்தப் பானைக்கு நன்னீர் வர வேண்டிய வழிகளில் ஒன்று காவிரியும் கொள்ளிடமும். அதைப் பற்றி நாடே பேசுகிறது. மற்றொன்று வெள்ளாறு. அதைப் பற்றிப் பேச, கூட்டத்தில் சிரிப்பு எழும் எங்கள் ஊரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

வெள்ளாற்றின் தலைமடையில் நடப்பது என்ன? கல்வராயனில் விளையும் மரவள்ளிக் கிழங்கு ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அந்த ஆலைகளின் கழிவு வசிட்ட நதியில் கலப்பதாகக் கரையோர உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். 46 அடிக் கோமுகி அணையிலும் 36 அடி மணிமுக்தா அணையிலும் மலைச் சரிவின் மண் வந்து படிகிறது. அணைக்குக் கீழே ஆற்று மணல் அள்ளப்பட்ட பள்ளங்கள். வரத்துக்கால் தூர்ந்த ஏரிகள். அணைகளை நாங்கள் பகையாகக் கருதவில்லை. நீர் நிற்கும் இடம் எதுவானாலும் மீன்தின்னிப் பறவைக்கு அது வாய்ப்பே. ஆனால் அணையில் நீருக்குப் பதில் மண் நிற்கும்போது உழவனும் பறவையும் ஒருங்கே தோற்கிறார்கள்.

*

2002 முதல் இருபது ஆண்டுகளாகத் தமிழகத்தில் ஒரே ஒரு ராம்சார் தலம்தான் இருந்தது: கோடியக்கரை. 2022இல் கூந்தன்குளம், வேடந்தாங்கல், கரிக்கிலி, பிச்சாவரம், பள்ளிக்கரணை முதலியவை சேர்ந்தன. 2024 ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலி சேர்ந்தது. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தபோது எண்ணிக்கை 20 ஆயிற்று. அப்போது இந்திய மாநிலங்களில் அதுவே மிக அதிகம். இதில் எங்களுக்கும் மகிழ்ச்சி உண்டு. எங்கள் மறுப்பு பட்டியலோடு அல்ல, பட்டியலோடு நின்றுவிடும் மனநிலையோடு. 20 தலங்களில் பெரும்பாலானவை நீர் வந்து சேரும் இடங்கள். நீர் புறப்படும் இடமும், அது நடந்து வரும் வழியும் பெரும்பாலான பெயர்ப்பலகைகளில் இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் பட்டியலில் ஓர் இடமும் இல்லை என்பது எங்கள் குறை அல்ல. பட்டியலில் உள்ள பிச்சாவரத்தைக் காக்கக் கள்ளக்குறிச்சியில் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் குறை.

வேறு வழி உண்டு என்பதற்கு ஒடிசாவின் சிலிக்கா ஏரி சான்று. 2000 செப்டம்பரில் அங்கே கடலுக்குப் புது வாய் வெட்டப்பட்டது, மீன் திரும்பியது. ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் ராம்சார் பதிவேட்டிலிருந்து 2002இல் சிலிக்கா நீங்கியது. அதே ஆண்டில் பன்னாட்டு விருதும் பெற்றது. வாய் வெட்டிய செய்தியை எல்லோரும் சொல்வார்கள். அதோடு ஏரியின் நீர்ப்பிடிப்பு மேட்டு நிலங்களுக்கு ஏறிச்சென்று, அங்குள்ள சிற்றூர் மக்களோடு மண்ணரிப்பைத் தடுக்கும் பணியையும் அதே ஆணையம் செய்தது என்பதைச் சொல்பவர் குறைவு. காயலைக் காக்க மேட்டுக்கு ஏறினார்கள். கழிமுகத்தைக் காக்க நாம் கல்வராயனுக்கு ஏற வேண்டாமா?

ஏறும்போது எச்சரிக்கையும் வேண்டும். கல்வராயன் மலை ஜாகீர்தாரர்களின் பிடியிலிருந்து 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அதற்குப் பிறகும் சமவெளிக்காரர்களின் நினைவில் அந்த மலைக்குச் சாராயம் என்பதைத் தவிர வேறு பொருள் இருந்ததில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகே, கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றுக்கே பிணங்கள் விழ வேண்டியிருந்த மலை அது. அந்த மலையாளிப் பழங்குடிகளிடம் போய், "உங்கள் மரவள்ளியால் பிச்சாவரத்துப் பறவை கெடுகிறது" என்று சொல்பவனை அவர்கள் விரட்டியடித்தால் அவர்கள் பக்கமே நாங்கள் நிற்போம். பிச்சாவரத்தில் ஏழைகள் மீது சுமத்தப்பட்ட அதே பழியை மலையிலும் சுமத்தக் கூடாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தரும் உரிமை முதலில் அவர்கள் கைக்கு வரட்டும். மண்ணைப் பிடித்து நிறுத்தும் பணி அவர்களுக்குக் கூலியும் விளைச்சலும் தரும் பணியாக அமையட்டும். இருளர்கள் வாய்க்கால் வெட்டியது யாரோ ஒரு பறவைக்காக அல்ல, தங்கள் இறாலுக்காக. அதனால்தான் அது நிலைத்தது.

சமவெளியிலும் இதே நியாயம்தான். "ஏப்ரல் வரை நீர் நிறுத்து என்கிறீர்களே, என் பயிருக்கு யார் பதில்?" என்று உழவர் கேட்பார். "மீன் குத்தகைக்குப் பணம் கட்டியிருக்கிறேன், வடித்தால்தானே மீன் கிடைக்கும்?" என்று குத்தகைதாரர் கேட்பார். இரண்டும் நியாயமான கேள்விகள். கூழைக்கடாவை வெடி போட்டு விரட்டும் குத்தகைதாரரைக் கொடியவராக்கிக் கதை எழுதுவது எளிது. ஏரியை அடிவரை வடிக்கக் கூடாது என்ற நிபந்தனையைக் குத்தகை ஓலையிலேயே எழுதி, அதற்கு ஈடாகக் குத்தகைத் தொகையைக் குறைப்பது கடினம். கடினமானதைச் செய்யச் சொல்கிறோம். மாவட்டத்துக்கு நான்கைந்து ஏரிகளில், கூட்டு மரங்கள் உள்ள இடங்களில் மட்டும் தொடங்கினாலே போதும். ஏரியை அழகுபடுத்துவதாகச் சொல்லி நடைபாதையும் விளக்குத்தூணும் நாட்டும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும் என்றே நினைக்கிறோம்.

எழுதுகிறவர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. பறவை திரும்பிவந்ததை இயற்கையின் மன்னிப்பு என்று உருகி எழுதுவதை நாம் நிறுத்திக்கொள்ளலாம். அங்கே மன்னிப்பு ஒன்றும் நடக்கவில்லை. சில ஊர்களில் நீர் நின்றது, மரம் நின்றது, வெடிச்சத்தம் நின்றது, அவ்வளவே. நின்றவற்றைப் பெயர் சொல்லி எழுதுவதும், நிற்காத இடங்களைச் சுட்டிக் கேட்பதும் இலக்கியத்துக்குப் புறம்பான வேலை அல்ல.

நண்பரின் கேள்விக்கு வருவோம். கடலே இல்லாத மாவட்டத்தில் கடற்கரைப் பறவையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? ஐயா, அடுத்த அமர்வை மண்டபத்தில் வைக்க வேண்டாம். ஏப்ரல் மாதத்து மாலையொன்றில், கோமுகிப் பாசனத்தின் ஏதேனும் ஓர் ஏரிக்கரையில் வைத்துக்கொள்வோம். தாங்களே தலைமை ஏற்க வேண்டும். ஏரியில் நீர் இருந்தால் பறவையைப் பற்றிப் பேசுவோம். இல்லையென்றால், அது எங்கே போயிற்று என்று பேசுவோம்.